பிளேன்காரர் சுண்ணாம்பு அடிக்க விடாத சுவர்

மகளே,

வெள்ளிக்கிழமை காலையில் நீ சாப்பிடாமல் போனாய். வாசலில் உட்கார்ந்து சப்பாத்து நாடாவை முடிந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நான் சொல்லி ஒண்ணும் நடக்கலேன்னா என்னப்பா பண்றது?" என்று கேட்டாய். நான் "பஸ் வந்துருச்சு, ஓடு" என்றேன். வளைவில் வந்தது பஸ் இல்லை, லொறி. அது உனக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. பதில் இல்லாமல் அப்படிச் சொல்லவில்லை. பதில் கொஞ்சம் நீளம். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய், நானும் பொறுமை இழந்து வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நாளைக் காலை முதல் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டால், நீ அலுவலகத்துக்குள் போவதற்கு முன் பதுளையில் உன் கைக்கு வந்துவிடும். படித்த பிறகு யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. முதல் வேலையில், முதல் கையெழுத்துக்கு முன்னால் தயங்கி நிற்கிற பிள்ளை நீ மட்டும் இல்லை.

எனக்கு இன்னும் நாற்பத்திரண்டுதான். உன்னோடு பஸ் ஏறினால் அண்ணனா என்று கேட்கிறார்கள். பசறையில் மோட்டார், ஜெனரேட்டர் பழுது பார்க்கிறவனிடம் வாழ்க்கைத் தத்துவம் எதிர்பார்க்காதே. இயந்திரம் ஓடுகிறதா, ஓடவில்லையா, ஏன் ஓடவில்லை, எனக்குத் தெரிந்த கேள்விகள் இவ்வளவுதான். ஆனால் நீ கேட்ட கேள்வியை நம் குடும்பத்தில் உனக்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார். வானத்தில் வைத்துக் கேட்டார். என் தாத்தா, உன் பூட்டன் வேலாயுதம். தோட்டத்து மேல்கணக்கு லயத்து வரிசை வீடுகளில் யாரும் அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. 'பிளேன்காரர்' என்றால்தான் தெரியும்.

அவர் இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு போடும் விமானத்தில் போனவர் என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் உனக்கு அது ஒரு பெருமை. பிறகு அது ஒரு பழைய கதை. சரியாகச் சொல்கிறேன், கேள். அவருடைய அப்பா தோட்டத்தின் பெரிய கங்காணி. அதனால்தான் இவரைப் பதுளையில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கவைக்க முடிந்தது. யுத்தத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் சொல்லாமல் ரயிலேறிக் கொழும்புக்குப் போனார். சுடத் தெரியுமா என்று கேட்டார்களாம். கிழங்குத் தோட்டத்தில் இறங்குகிற காட்டுப் பன்றியைச் சுட்டிருக்கிறேன் என்றார். இருட்டில் எப்படிச் சுட்டாய் என்று கேட்டதற்கு, "பன்னிய நேரா பாத்தா தெரியாதுங்க, கொஞ்சம் தள்ளிப் பாத்தா தெரியும்" என்றாராம். அந்த ஒரு பதிலுக்காகவே தன்னை எடுத்தார்கள் என்பது அவர் கட்சி. ஆளும் குள்ளம். விமானத்தின் வால்முனையில் இருக்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார நெட்டையன் ஆகமாட்டான். கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பி, பயிற்சி கொடுத்து, அந்தக் கூண்டில் உட்காரவைத்தார்கள்.

அந்த இடத்தை நினைத்துப் பார். விமானத்தில் ஏழு பேர். ஆறு பேர் முன்பக்கமாக, ஒருவரையொருவர் தொட்டுக்கொள்கிற தூரத்தில். ஏழாவது ஆள் தனியாக, வாலில், பின்னால் பார்த்தபடி, நாலு துப்பாக்கிகளோடு. மற்றவர்களோடு அவனுக்கு இருந்த ஒரே உறவு காதில் மாட்டிய கேட்பானும் வாயருகே ஒலிவாங்கியும். ஐஸ் மாதிரிக் குளிர். உடுப்புக்குள் மின்சாரக் கம்பி வைத்துச் சூடேற்றுவார்கள். ஒரு பக்கம் கம்பி அறுந்தால் அந்தப் பக்கம் விறைத்துவிடும். அவருடைய இடது கையில் இரண்டு விரல்களுக்கு நகம் கிடையாது, அதற்குக் காரணம் இதுதான். இருட்டிலே பின்னால் வருகிற எதிரி விமானத்தை முதலில் பார்க்கக்கூடியவன் அவன் ஒருத்தன்தான். பார்த்தவுடனே கத்த வேண்டும். அந்த விமானத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது, என்னை மிகவும் ஈர்த்தது அதுதான். வாலில் இருப்பவன் "இடது பக்கம் திருகு" என்று கத்தினால், கப்டன் ஏன் என்று கேட்கமாட்டான். அந்த நொடியே விமானத்தைச் சரித்து, திருகாணி இறங்குகிற மாதிரிச் சுழற்றிக் கீழே பாய்ச்சுவான். கப்டன் அதிகாரி, வாலில் இருப்பவன் சார்ஜண்ட். கப்டன் வெள்ளைக்காரன், வாலில் இருப்பவன் ஊவா தோட்டத்துக் கங்காணி மகன். அதெல்லாம் தரையில். "மேல போயிட்டா கண்ணு யார்கிட்ட இருக்கோ அவன் சொல்றதுதான் சட்டம்" என்பார் தாத்தா. "ஏன்னு கேட்டு, நான் பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எல்லாரும் செத்துருவோம்."

ஒரு தடவை அவர் கத்தினார். பின்னால் இடப்பக்கம் கறுப்பாக ஒன்று அசையாமல் கூடவே வருவதைப் பார்த்தார். கத்திய உடனே கப்டன் விமானத்தைப் பாய்ச்சினான். உள்ளே எல்லாம் பறந்தது. வழி பார்க்கிறவனுடைய வரைபடம், பென்சில், தேநீர்க் குடுவை, அவன் வயிற்றில் இருந்தது உட்பட. நிமிர்த்திப் பார்த்தால் அந்தக் கறுப்பு இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. கை வைத்துத் துடைத்தார், கலைந்தது. கூண்டுக் கண்ணாடியில் படிந்திருந்த எண்ணெய்த் துளி. தரையிறங்கினார்கள். எல்லாரும் இறங்கிய பிறகும் இவர் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார், வெட்கத்தில். கப்டன் வாலுக்கு நடந்து வந்தான். அவன் ஆஸ்திரேலியாவில் ஆடு வளர்க்கிற வீட்டுப் பையன். இவர், "ஒண்ணுமில்லாததுக்குக் கத்திட்டேன், மன்னிக்கணும்" என்றார். அவன் சொன்ன பதிலைத் தாத்தா நம் பேச்சில்தான் எனக்குச் சொன்னார்: "வேலு, நீ தப்பா கத்துனா எனக்கு வயித்தப் பெரட்டும், அவ்வளவுதான். தப்பாயிருமோன்னு நீ என்னைக்கு வாய மூடுறியோ, அன்னைக்கு எனக்கு வேற ஆளு வேணும்."

அவர் மறுநாள் செய்த காரியத்தைத்தான் நான் வியக்கிறேன். இனி பார்த்துப் பதமாகக் கத்துவோம் என்று நினைக்கவில்லை. முகத்துக்கு நேரே இருந்த கண்ணாடியைக் கழற்றி எறியச் சொன்னார். குளிர் நேராக முகத்தில் அடிக்கும் என்றார்கள். அடிக்கட்டும், கண்ணுக்கும் இருட்டுக்கும் நடுவில் எதுவும் வேண்டாம் என்றார். நகம் போனது அதற்குப் பிறகுதான். பிறகு ஒரு தடவை அவர் கத்தியது நிஜமான எதிரி விமானம். விமானம் திரும்பிய இடத்தை ஒட்டிக் குண்டுகள் கோடு கோடாகப் போயின. ஏழு பேரும் வீடு திரும்பினார்கள். அந்தக் கதையை இரண்டு வரியில் முடித்துவிடுவார். எண்ணெய்த் துளிக் கதையைத்தான் கை கால் ஆட்டி, வாந்தி எடுத்தவனைப் போல நடித்து, திரும்பத் திரும்பச் சொல்வார்.

ஒன்றை மறைத்து எழுதக் கூடாது. அவர்கள் போட்ட குண்டு ஊர்களின் மேல் விழுந்தது, அங்கே ஆட்கள் இருந்தார்கள். மற்ற ஆறு பேரும் வேலை முடிந்ததும் முகாம் இருக்கிற திசையைப் பார்த்துப் போனார்கள். இவர் மட்டும் எரிகிற ஊரைப் பார்த்துக்கொண்டே வீடு வந்தார். "ரொம்ப தூரம் வரைக்கும் தெரியும்டா" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறபோது இதையும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

திரும்பி வந்தார். பெரிய கங்காணி இறந்துபோயிருந்தார், அந்தச் செல்வாக்கும் போயிருந்தது. முதல் வாரம் தோட்டத்துத் துரை பங்களாவுக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து யுத்தக் கதை கேட்டார். இரண்டாவது வாரம் தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்ஜினுக்கு எண்ணெய் விடுகிற வேலை கொடுத்தார். குடியிருக்க மேல்கணக்கு லயத்தில் கடைசிக் காம்பரா, ஒரே ஒரு அறை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததும் தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமை போனது, இவருடையதும் போனது. மனுப் போட்டார். இங்கே தொடர்ந்து குடியிருந்தீர்களா என்று கேட்டார்கள். நடுவில் சில வருஷம் ராஜாவுடைய விமானத்தில் இருந்தேன் என்றார். அப்போ தொடர்ந்து இல்லையே என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். லயத்துக்கு வந்து இதைச் சொல்லி அவரே சிரித்தாராம். என்னால் அந்த இடத்தில் சிரிக்க முடியாது. எனக்கு இப்போது எழுதும்போதே பேனா அழுந்துகிறது.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கடைசிக் காம்பராவின் மலைப்பக்கச் சுவரில் ஒரு வெடிப்பு. ஒரு பெரிய மழைக்குப் பிறகு வந்தது. நம் ஆட்கள் வழக்கம் உனக்குத் தெரியும். தீபாவளி வந்தால் வெடிப்பிலெல்லாம் களிமண் பூசி, மேலே சுண்ணாம்பு அடித்து, லயம் முழுவதையும் கல்யாணப் பெண் மாதிரி வெளுத்து நிறுத்திவிடுவார்கள். அந்த மழைக்காலத்தில்தான் மலை நகரும், அந்த மாதத்தில்தான் நாம் அதன் அடையாளத்தை மூடுவோம். வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு தப்பை இவ்வளவு சந்தோஷமாகச் செய்யமாட்டார்கள். தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. சுவர் முழுவதும் அடிக்கலாம், வெடிப்பைச் சுற்றி ஒரு சாண் அகலம் மட்டும் வெறும் சுவராக விட வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் அசிங்கமாக இருக்கிறது என்பார்கள். "கண்ணாடிய கழட்டி எறிஞ்சவன் நான், எனக்கு நீ சுண்ணாம்பு அடிக்கிறியா" என்பார்.

ஒரு பகல் வேளை, விடாத மழையில், அந்த வெடிப்பு அகன்றதைப் பார்த்தார். வேறு யாரையும் கேட்கவில்லை. தொழிற்சாலைக்கு ஓடிப் போய், நேரங்கெட்ட நேரத்தில் சங்கை ஊதினார். லயத்துச் சனம் முழுவதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. மலை அசையவில்லை. மறுநாள் வெயில். துரை அவரைக் கொஞ்ச காலம் வேலையை விட்டு நிறுத்திவைத்தார். அதன் பிறகு அவர் சாகும் வரைக்கும் கேலி. நான் காதால் கேட்டிருக்கிறேன். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ஒருத்தர், "என்ன பிளேன்காரரே, இன்னைக்கு எத்தன ஜெர்மன்காரன் வந்தான்?" என்பார். இவர் பல் தேய்த்துக்கொண்டே, "ஒருத்தனும் வரல. அதனாலதான் நீ இங்க நின்னு பல்ல காட்டுற" என்பார். அந்த மலை அவர் காலத்தில் கடைசிவரை சரியவே இல்லை. அவர் தோற்றுப்போனவராகத்தான் செத்தார், லயத்துக் கணக்கில். அந்த ஒரு சாண் சுவரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருக்குப் பிறகு அந்தக் காம்பராவில் இருக்கிற உன் அத்தையும் வருஷா வருஷம் அதை வெறும் சுவராகவே விட்டுவந்தாள். என்னத்துக்கு என்று கேட்டால், "தாத்தா திட்டும்" என்பாள்.

அதே மலையைத்தான் நீ உன் மண்சரிவு அலுவலகத்துக்காகப் போன வாரம் அளந்தாய். மேலே தரையிலும் பிளவு ஓடுகிறது, நகர்கிறது, சனத்தை இறக்க வேண்டும் என்கிறாய். உன் மேலதிகாரி தீபாவளி முடியட்டும், இன்னொரு தடவை அளந்துவிட்டு எழுதலாம் என்கிறார். அத்தை உன்னை இஸ்தோப்புத் திண்ணையில் நிறுத்திவைத்து, "படிக்க வச்சது எங்கள வெரட்டத்தானா? காம்பராவ விட்டு எறங்குனா திரும்ப ஏற விடுவாங்களா? பள்ளிக்கூடத் தரையில பாய் போட்டுப் படுத்துகிட்டு தீபாவளி கொண்டாடச் சொல்றியா?" என்று கேட்டாள். அவள் கேட்டது எதுவும் பொய்யில்லை. இறங்கியவர்கள் வேறு வீட்டுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். மலை சரிந்து லயத்தையே மூடிய மீரியபெத்தையையும் பார்த்திருக்கிறாள். அப்போது நீ பள்ளிக்கூடப் பிள்ளை. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் நீ, "நான் மண்ணைப் படிக்கப் போறேன்" என்றாய். அதனால் உனக்கு இரண்டு பக்கமும் தெரியும், அதனால்தான் கையெழுத்துப் போடத் தயங்குகிறாய்.

இன்று காலை நான் மேல்கணக்குக்குப் போனேன். லயம் பளபளவென்று வெளுத்திருந்தது. அத்தை வீட்டுக்குள் போய்ப் பார்த்தால், அந்த ஒரு சாணும் வெள்ளை. என்னக்கா இது என்றேன். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தீபாவளிக்கு வர்றாங்கடா. எம் பொண்ண பாக்க வர்ற எடத்துல ஓட்டச் செவுரு தெரியணுமா? தாத்தா செத்து எத்தன காலமாச்சு" என்றாள். பேசினால் சண்டை வரும் என்று எனக்குத் தெரியும். சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, சுவரைச் சுரண்டினேன். "ஏன்டா, பைத்தியமாடா உனக்கு" என்று முதுகில் ஒரு அடி வைத்தாள். சுண்ணாம்பு உதிர்ந்தது, பிறகு களிமண், அது இன்னும் ஈரம். ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டேன். பிடி வரைக்கும் போனது. உள்ளே வைத்துத் திருப்பினேன், எதிலும் இடிக்கவில்லை. அத்தையின் கையைப் பிடித்து அங்கே வைத்தேன். மலைப்பக்கத்துக் காற்று வந்தது. அவள் விரலை வெடிப்பின் ஓரத்தில் ஓட்டிப் பார்த்தாள். பிறகு, "பாப்பா எப்ப சொல்லப் போவுதாம்?" என்று கேட்டாள். திங்கட்கிழமை என்றேன். "அதுக்குப் பொறவு மத்தவங்க கேக்கலேன்னா?" என்றாள். "அது அவங்க பாடு, நீ எங்க வீட்டுக்கு எப்ப வர்ற?" என்றேன்.

அதனால் என் பதில் இது. நாளைக்கு நீ சொல்ல வேண்டும். மேலதிகாரி முகத்தைப் பார்த்து, அளந்ததை அளந்தபடி, மரியாதையாகவும் சுருக்கமாகவும் சொல். தீபாவளி வரை பொறுப்பதாக இருந்தால் அதை அவர் தன் கையெழுத்தில் எழுதட்டும், உன் கையெழுத்தில் வேண்டாம். பிறகு லயத்துக்கு வந்து சனத்திடமும் நீயே சொல். காம்பரா பறிபோகும் என்ற பயத்தை மடத்தனம் என்று பேசாதே, அது நியாயமான பயம். சாமான்களை இறக்க நான் லொறி பிடித்துவைத்திருக்கிறேன். மறுபடி ஏறுவதற்கான சண்டையை நானும் வந்து போடுகிறேன், சண்டை எனக்கு வரும். ஆனால் முதலில் கத்த வேண்டியது நீ. கண் உன்னிடம்தான் இருக்கிறது.

ஒன்றும் நடக்கவில்லை என்றால்? மழை விட்டு வெயில் அடித்து, மலை அப்படியே நின்றால்? உன்னைக் கேலி செய்வார்கள். பீலிக்கரையில் உனக்கும் ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். உன் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம்கூட வரலாம். அன்றைக்கு வீட்டுக்கு வா. நான் திட்டமாட்டேன், ஆறுதலும் சொல்லமாட்டேன். மறுபடி அளக்கப் போகும்போது உன் கருவிக்கு பாட்டரி சார்ஜ் போட்டுக் கொடுப்பேன்.

நான் இதை எழுதுகிற நேரத்தில் அத்தை நம் அடுப்படியில் முறுக்கு சுடுகிறாள். மத்தியானமே பாயும் பெட்டியும் பலகார மாவுமாக, மகளையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டாரை இங்கேயே வரச் சொல்லியாயிற்று. எண்ணெய் காய்ந்ததிலிருந்து உன்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். இவளுக்கு யார் இந்தப் படிப்பைப் படிக்கவைத்தது, நல்ல நாளும் அதுவுமாக அடுத்தவன் வீட்டு அடுப்பில் நிற்கவைத்துவிட்டாளே, வரட்டும் அவளுக்கு இருக்கிறது என்கிறாள். நல்ல உரத்த குரல், தெருவரைக்கும் கேட்கிறது. திட்டட்டும் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா